அக்காவின் வரைபடத்தில் ஒரு பள்ளம்

அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். பாதிக்குச் சற்று மேலே கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரரான அக்கா, காலையில் வந்ததும் அந்தக் கோடு வரை தண்ணீர் பிடித்து வைப்பார். மறுநாள் காலை வரை அவ்வளவுதான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன; கூடக் குடித்தால் மூச்சு முட்டும். வெளியே கல்லணைக் கால்வாயான புதாற்றில் கரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போகும், உள்ளே இவர் மூடியில் ஊற்றி நாக்கை நனைத்துக்கொண்டிருப்பார். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

அக்காவுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். நான் குடவாசல், எங்கள் அத்தா சவுதியில் இருந்து சம்பாதித்துப் படிக்கவைத்தார். நோன்பு மாதத்தில் நான் வாடிப்போய் உட்கார்ந்திருந்தால் அக்கா விடமாட்டார். "ஒனக்கென்னடி, சாயங்காலம் கஞ்சி குடிச்சிருவ. எனக்கு நோன்பு தொறக்குறதே கிடையாது" என்று சிரிப்பார். நானும் சிரித்துவிடுவேன். பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வருவேன்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில், பூமிக்கடியில் இருக்கும் பெரிய வளையத்தில் ஒரு புரோட்டானையும் ஈயத்தின் அணுக்கருவையும் எதிரெதிரே ஓடவிட்டு மோதவைப்பார்கள். சின்னது ஒன்று, பெரியது ஒன்று. அந்த மோதலின் பதிவுகள் தஞ்சாவூர் வரை வந்துசேரும். அணுக்கருவுக்குள் அடைந்துகிடக்கும் குளுவான்களைப் பற்றி அவற்றில் ஏதாவது தெரிகிறதா என்று நாங்கள் பார்ப்போம். புரோட்டானுக்குள்ளே இருக்கும் குவார்க்குகளை ஒட்டிப் பிடித்திருக்கும் துகள்கள் அவை. ஆற்றல் கூடக் கூட, ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகிக்கொண்டே போகும். எவ்வளவுதான் பெருகும்? ஓர் எல்லைக்குமேல் இடம் போதாமல் ஒன்றோடொன்று சேர்ந்துவிட வேண்டும் என்பது கணிப்பு. "நாத்தங்கால்ல வெதைய அள்ளிக் கொட்டிட்டா எல்லாமா வளரும்?" என்பார் அக்கா. அப்படி நெருங்கிக்கிடந்தால், புரோட்டான் போகும் திசையில் வெளிவரும் துகள்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைய வேண்டும். அக்காவின் வரைபடத்தில் சரியாக அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. திரையில் அதை விரலால் தடவிப் பார்ப்பார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

குறைகிறது என்று சொல்ல, எதோடாவது ஒப்பிட வேண்டும். அதே ஆற்றலில் புரோட்டானோடு புரோட்டானை மோதவைத்த அளவீடு வேண்டும். அது அப்போது இல்லை. அதைவிடக் கூடிய ஆற்றலில் ஒன்று, குறைந்த ஆற்றலில் ஒன்று இருந்தன. நடுவில் இவ்வளவு இருக்கும் என்று கணித்துப் போட்டுக்கொண்டோம். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆய்வேடு முடியும் நேரத்தில் அசல் அளவீடு வந்துசேர்ந்தது. அக்கா அதில் கொஞ்சத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தார். பள்ளம் மேலேறியது. முழுவதையும் திரும்பச் செய்ய மாதக்கணக்கில் ஆகும். அவரிடம் அத்தனை மாதம் இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பேராசிரியர் நல்லவர். "எல்லாரும் பழசை வச்சுத்தாம்மா போட்டிருக்காங்க. குடுத்துடு. பட்டம் கைக்கு வரட்டும், அப்புறம் திருத்திக்கலாம்" என்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும்.

அக்கா பாட்டிலை மூடி வைத்தார். "இருக்கான்னே தெரியாம இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு நான் செத்துப்போயிட்டா, யாரு சார் வந்து திருத்துறது?" என்றார்.

அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடியே வேலை பார்த்தார். ஒரு கையில் ஊசி, மறு கையால் தட்டச்சு. லேப்டாப் சரியாமல் நான் பிடித்துக்கொள்வேன். பாதிகூட முடியவில்லை. ஒரு மழைநாளில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது, அதோடு போய்விட்டார். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள். படத்துக்குக் கீழே அக்காவின் பெயர், பக்கத்தில் எம்.எஸ்சி. என்று இருந்தது.

மீதியை நான் செய்து முடித்தேன். பள்ளம் முழுதாகத் தூர்ந்துவிடவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஆழம் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. எஞ்சியது பிழை எல்லைக்குள் அடங்கிவிட்டது. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

சாமான்களை எடுத்துப்போக அக்காவின் அம்மா வந்தார். வயலிலிருந்து நேரே வந்திருப்பார் போல, நகக்கண்ணில் சேறு. பள்ளத்தைப் பற்றிக் கேட்பார், எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"பழசையே குடுத்திருந்தா எம்புள்ளைக்குப் பட்டம் கெடச்சிருக்குமா, பாப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். அக்காவின் நாற்காலி பக்கத்திலேயே கிடந்தது.

"கெடச்சிருக்கும்மா."

"அவ கையப் புடிச்சி வாங்கியாச்சும் குடுத்திருக்கக் கூடாதா நீங்க? பேனர்லயாச்சும் டாக்டர்னு போட்டிருப்பனே."

அக்கா செய்தது சரி என்று இன்றைக்கும் யாரிடமும் சொல்வேன். அந்த அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

துணிப்பையில் செருப்பு, சால்வை, புத்தகங்கள் எல்லாம் போயின. "இத வச்சு நான் என்ன பண்ணப் போறேன்" என்று பாட்டிலை மட்டும் வைத்துவிட்டுப் போனார். என் மேசையில்தான் இருக்கிறது. கோடு இன்னும் அழியவில்லை. தினமும் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறேன். எனக்கு எந்த டாக்டரும் அளவு சொல்லவில்லை. ஆனாலும் கோடு வந்ததும் குழாயை மூடிவிடுகிறேன்.