இடானியா டீச்சரின் பெயர் காணாமல் போன வாரம்

ஹவானாவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவர் இடானியா டீச்சர். இருபத்தாறு வருடம் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது பொட்டலம் விற்கிறார். பொட்டலம் என்றால் படம், தொடர், பாட்டு என்று அந்த வாரம் உலகத்தில் வந்ததெல்லாம் நிரம்பிய ஹார்ட் டிஸ்க். திங்கள்கிழமை அது வந்து சேரும். நாங்கள் பென் டிரைவோடு படியேறுவோம். யாரைக் கேட்டுக் காப்பி எடுத்தார்கள் என்று இந்தத் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. நானும்தான். எனக்கு வேண்டியது அடுத்த பகுதி.

டீச்சரிடம் மட்டும் கிடைக்கும் சரக்கு ஒன்று உண்டு. கொரியத் தொடர்களுக்கு இங்கிலீஷில் வரும் வசனத்தைப் பார்த்து, எங்கள் ஊர்ப் பேச்சில் ஸ்பானிய வசனம் எழுதித் திரையின் அடியில் ஓடவிடுவார். கொரிய மாமியார் எங்கள் ரொட்டிக்கடை வரிசையில் நிற்பவளைப் போலவே திட்டுவாள். ஒவ்வொரு பகுதியும் தொடங்கும்போது "வசனம்: இடானியா" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காகவா இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று கிண்டல் செய்வேன்.

"ஸ்கூல்ல எம் பேரைப் பசங்க கழிப்பறைச் சுவத்துலதான் எழுதினாங்க, நெரெய்டா. இப்பதான் டிவில வருது" என்பார்.

அப்படியிருக்க, அக்கா வீட்டுக்குப் போனபோது அதே தொடர் ஓடியது. வசனமெல்லாம் டீச்சருடையது. பெயர் மட்டும் "வசனம்: எவெலியோ". எவெலியோ அந்தப் பக்கம் பொட்டலம் விற்பவர். நான் ஓடிவந்து சொன்னேன். கொஞ்சம் குஷியாகத்தான் சொன்னேன். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

"ஏழாம் பகுதி பாத்தியா? அதுலயும் அந்த வரி அப்படியே வருதா?" என்றார்.

வந்தது. அந்தப் பகுதியை எழுதும்போது மின்சாரம் நின்றுவிட, லேப்டாப்பை மூடுமுன் அடையாளத்துக்காக ஒரு வரி அடித்துவைத்தவர், பிறகு அழிக்க மறந்துவிட்டார். ஆற்றங்கரையில் காதலன் மோதிரத்தை நீட்ட, காதலி கண்ணீரோடு சொல்வாள்: "கரண்ட் போச்சு, மீதி அப்புறம்." எங்கள் கட்டடமே ஒரு வாரம் சிரித்தது.

எவெலியோ வீட்டுக்கு இருவரும் போனோம். மனிதர் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். டீச்சர் ஏழாம் பகுதியைப் போடச் சொன்னார். காதலி வாயைத் திறந்ததும் எவெலியோவே சிரித்துவிட்டார்.

"சரி டீச்சர், உங்களோடதுதான். உங்க பேரைப் பாத்தா என் ஆளுங்க உங்ககிட்ட வந்துடுவாங்க. அதான் எடுத்தேன்."

"ஒண்ணரை மாசம் உக்காந்து எழுதினேன்யா."

"இல்லேன்னு சொல்லலை. நான் ஒண்ணு கேக்கறேன். உங்க காப்பில ஆரம்பத்துல தொடர் எடுத்தவங்க பேருங்க ஓடறதே இல்லையே, அதெல்லாம் எங்க போச்சு?"

எங்கே போயின என்று எனக்கும் தெரியும். பென் டிரைவில் இடம் போதாதென்று, முன்னாலும் பின்னாலும் ஓடும் பெயர்களை அவர்தான் வெட்டிவிடுவார். நல்லதாப்போச்சு என்போம் நாங்கள்.

"அந்தக் கதையை எழுதினது யாரு, டீச்சர்?" என்றார் எவெலியோ.

டீச்சருக்குத் தெரியாது. காபியைத் தொடாமல் எழுந்துவிட்டார். எதற்காக வந்தாரோ அதைக் கேட்கவே இல்லை.

"பேரைத் திருப்பிப் போடுன்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன் பஸ்ஸில்.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு கேக்கறது?"

வியாபாரத்தை அவர் விட்டுவிடவில்லை. அடுத்த திங்கள் புதுத் தொடரைப் போட்டுக் காட்டினார். ஆரம்பத்தில் மூன்று நிமிடம் கொரிய எழுத்தில் பெயர்கள் ஓடின. "இதுக்கு எதுக்கு இடம், தள்ளிவிடுங்க டீச்சர்" என்றாள் இரண்டாம் மாடிக்காரி.

"பேசாம உக்காரு" என்றார் டீச்சர்.

அடியில் அவர் எழுதிய வரி வந்தது: "இந்தக் கதையை எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. மன்னிக்கவும்."

அதன் பிறகு கதை தொடங்கிவிட்டது. டீச்சரின் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று கடைசிவரை பார்த்தேன். வரவில்லை.