மணிக்கூட்டுக்கு ஒரு பற்றரி

என் தம்பியால் விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாது. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் நாங்கள் இருவரும் கணினி திருத்தும் கடை வைத்திருந்தோம். பழுதான பெட்டியோடு வருபவர் எப்போது கிடைக்கும் என்று கேட்டால் போதும், இவன் மூடியைக் கழற்றி, இது விசிறி, இது மதர்போட் என்று பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவான். "அவர் இதை அறிஞ்சு என்ன செய்யப்போறார்? வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போனது.

யுத்தம் மறுபடி மூண்டிருந்தது. லோஞ்சுப் படகில் குடாவைத் தாண்டி மூதூருக்குப் போகும் பெட்டிகளின் மூடிக்கு நாங்கள் திருகாணி போடுவதில்லை, கயிற்றால் கட்டிவிடுவோம். இறங்குதுறைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் எப்படியும் திறப்பார்கள். திருகாணி இருந்தால் கத்தியால் நெம்பி உள்ளே இருப்பதையும் நாசமாக்கிவிடுவார்கள்.

அன்றைக்குத் தம்பிதான் ஒரு பெட்டியைக் கொண்டு போனான். மதர்போட்டில் காசு போல வட்டமாக இருந்த பற்றரியைக் காட்டி, இது எதற்கு என்று சிப்பாய் கேட்டிருக்கிறான். கரண்ட் இல்லாத நேரத்திலும் உள்ளே மணிக்கூடு ஓட வேண்டும், அதற்குத்தான் என்று இவன் அரைகுறைச் சிங்களத்தில் ஆசையாகச் சொல்லியிருக்கிறான். பெட்டிக்குள் பற்றரி, வயர், மணிக்கூடு! குண்டுக்குப் பயந்து சாகும் இடத்தில் சொல்கிற கதையா அது?

லோஞ்சுக்கு நின்ற ஒருவர் ஓடி வந்து, "தம்பியை உள்ளுக்குக் கொண்டு போயிற்றாங்கள் பிள்ளை" என்றார். அப்படி உள்ளே போய்த் திரும்பாதவர்களை எனக்குத் தெரியும். திருகாணிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சாவடியில் இருந்த அதிகாரிக்கு நான் சொன்ன எதிலும் நம்பிக்கை வரவில்லை. அவருடைய மேசையில் ஒரு கணினி இருந்தது. "சேர், உங்கள் பெட்டியிலும் அது இருக்கிறது. திறந்து காட்டட்டுமா?" என்று சிங்களத்தில் கேட்டேன். சரி என்று தலையசைத்தார்.

திருகாணி ஒன்று கையிலிருந்து நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது பின்னால் நின்ற சிப்பாயின் துவக்கு அசையும் சத்தம் கேட்டது. மூடியைக் கழற்றி வயர்க் கற்றையை ஒதுக்கினேன். அதே வட்டப் பற்றரி. அதிகாரி கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பற்றரியை எடுத்து, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போட்டுக் கணினியை இயக்கினேன். திரையில் நேரம் பிழையாகக் காட்டியது. "இவ்வளவுதான் சேர் இதன் வேலை" என்றேன்.

பின்னேரம் தம்பியை வெளியே விட்டார்கள். உதடு வீங்கியிருந்தது, சேர்ட்டில் பொத்தான் இல்லை. பாதி வழியில் மெல்லக் கேட்டான்.

"அக்கா, நான் பிழையாவோ சொன்னனான்?"

"இல்லையடா, சரியாத்தான் சொன்னனீ. இனிமேல் ஆர் என்ன கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லு."

"ஓம்" என்றான். ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.