லண்டனில் நான் பார்த்த கால்கள்

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகர் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருக்கேன். எப்பவும் கடைசி பெஞ்சிலதான் ஒக்கார்றீங்க, அதுவும் வாசல் ஓரமா. நான் பிரசங்கம் பண்றப்ப உங்க கண்ணு என் மேல இல்ல, வாசல்ல இருக்குது. அவ்ளோ மோசமாவா பேசறேன்?"

பக்கத்தில் நின்ற என் மனைவி கிரேஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு விஷயம் தெரியும். போதகர் ஐயருக்குத் தெரியாது. அவர் ஆம்பூருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"அப்படில்லாம் ஒண்ணும் இல்லீங்க ஐயரே" என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வாரா வாரம் என்னைச் சகித்துக்கொள்ளும் உங்களிடம் மழுப்ப முடியுமா? நான் பார்ப்பது வாசலை அல்ல. வாசலில் கழற்றி விட்டிருக்கும் செருப்புகளை. இந்தப் பழக்கம் எனக்கு லண்டனில் தொற்றிக்கொண்டது.

ஆமாம், லண்டனேதான். ஏழெட்டு வருஷம் இருக்கும். தோல் பதனிடும் எங்கள் டேனரியிலிருந்து போன தோல் கட்டுகள் சரியில்லை என்று அங்கேயிருந்து கடிதம் வந்தது. அந்தத் தோலையெல்லாம் தரம் பிரித்து அனுப்பியவன் நான். "நீயே போய்ப் பார்த்துட்டு வா" என்று முதலாளி என்னைக் கப்பல் ஏற்றிவிட்டார்.

கிளம்புவதற்கு முன்தினம் கரீம் வந்தான். மேல்விஷாரத்துக்காரன், என் தோஸ்த். டேனரியில் ஒரே மேஜைக்கு எதிரெதிரே நின்று தோலைத் தரம் பிரிக்கிறவர்கள் நாங்கள். அவன் கையில் ஒரு துணி மூட்டை இருந்தது.

"இன்னா பா, இந்த செருப்போடவா லண்டன்ல போய் நிக்கப் போறே? நம்ம ஊரு தோல பத்தி அவன் இன்னா நெனப்பான்?"

மூட்டைக்குள் ஒரு ஜோடி ஷூ. ஆவாரம் பட்டையில் பதமாகி வந்த ஆட்டுத் தோலுக்கே உரிய இளம்பழுப்பு நிறம். தன் நிக்காஹ்வுக்காக எத்தனையோ தோலைப் புரட்டிப் புரட்டி, ஒன்றைப் பொறுக்கியெடுத்துத் தைக்கக் கொடுத்திருந்தான். அப்படிப் பொறுக்கியும் வலது ஷூவின் முனையில் மிளகு அளவுக்கு ஓர் உண்ணிக்கடித் தழும்பு தப்பி வந்துவிட்டது. அதில் அவனுக்குத் தீராத வருத்தம்.

"நிக்காவுக்கு போட்டுக்கறதா இருந்தேன். நீ மொதல்ல போட்டுக்கினு போ. திரும்பி வந்து குடுத்துடு, போதும்."

எங்கள் இருவருக்கும் ஒரே அளவுக் கால். நான் ஊர் திரும்பிய பத்தாம் நாள் பேரணாம்பட்டில் நிக்காஹ். வேறு ஷூ தைக்க அவனுக்கு நேரமும் இருக்காது, மனசும் இருக்காது.

லண்டனில் வேலை நாலு நாளில் முடிந்துவிட்டது. கப்பலில் ஈரம் பட்டுத்தான் தோல் கெட்டிருந்தது, என் மேல் குற்றமில்லை. ஐந்தாம் நாள் முழுக்க எனக்கே எனக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குத் துறைமுகத்துக்கு ரயில். பெட்டி முன்னாலேயே கப்பலுக்குப் போய்விட்டது. இனி ஆயுசில் இந்த ஊருக்கு வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு பகல்... அதற்குள் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கரீம் ராஜாவின் அரண்மனையைப் பார்த்து வந்து சொல்லச் சொன்னான். கிரேஸ் பெரிய தேவாலயம் ஒன்றையாவது பார்த்துவிட்டு வரவேண்டும் என்றாள். மனைவி சொன்னதை முதலில் முடிப்பதுதானே குடும்பத்துக்கு நல்லது? காலையிலேயே தேவாலயத்துக்குப் போனேன்.

அகலமான கல் படிகள். என் வீட்டுக் கதவைப் போல் பத்து மடங்கு உயரத்துக்குக் கதவு. மனசு நிறைந்துபோயிற்று. ஆம்பூரில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். ஷூவைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி உள்ளே திணித்து, வாசல் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன்.

கர்த்தருடைய வீட்டுக்குள் செருப்புக் காலோடு யாராவது போவார்களா? போகிறார்கள். உள்ளே மண்டியிட்டு ஜெபித்துக் கண்ணைத் திறந்தபோதுதான் பார்த்தேன். முன் வரிசையில் ஷூ, பின் வரிசையில் ஷூ, பாட்டுக்காரர்கள் காலிலும் ஷூ. அத்தனை பெரிய கோயிலில் வெறுங்கால் என்னுடையது மட்டும்தான். தரை ஐஸ் மாதிரி இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஜோடி சேர்த்து வைத்த இடத்தில் ஈரக் கல் மட்டும் இருந்தது.

லண்டன் போயிற்று, ஷூ போயிற்று என்பதெல்லாம் அப்புறம். கரீமின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

உள்ளே போய் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம் ஊரில் கோயில் வாசலில் செருப்பைக் காணோம் என்றால் யாரும் உள்ளே போய்க் கேட்பதில்லை, போனது போனதுதான். அந்தப் பழக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என்னவென்று கேட்பது? உங்கள் தேவாலயத்து வாசலில் திருட்டுப் போயிற்று என்று அவர்களிடமே சொல்வதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லாமல் கொள்ளாமல் படியிறங்கிவிட்டேன்.

புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்பீர்கள். கையில் இருந்தது டீக்கும் டிராமுக்கும்தான் காணும். என் செருப்போ பெட்டியோடு கப்பலில். ஆகவே தலைப்பாகை, கோட்டு, கீழே வெறுங்கால் என்ற கோலத்தில் லண்டனைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன்.

தோல் பிரிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்போம். சாதாரண நாளிலேயே அப்படி. அன்றைக்குக் கேட்க வேண்டுமா? வருகிற போகிற கால்களில் எல்லாம் ஓர் இளம்பழுப்பு ஷூவை, அதன் முனையில் மிளகு அளவுத் தழும்பைத் தேடினேன்.

அரண்மனைக்குப் போனேன். காவல்காரனின் கறுப்பு பூட்ஸ் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முழங்கால் வரை முதல் தரத் தோல், மடிப்பில் வெடிப்பே இல்லை. அரண்மனைக்கு எத்தனை மாடி? தெரியாது.

பெரிய கடிகாரத்தின் அடியில் நின்றேன். பன்னிரண்டு அடித்தது காதில் விழுந்தது. அண்ணாந்து பார்க்கவில்லை. அந்த நேரத்தில் பழுப்பு ஷூ ஒன்று தெருவைக் கடந்துகொண்டிருந்தது. பின்னாலேயே ஓடினேன். கிட்டப் போனால், மாட்டுத் தோல்.

கண்காட்சிச் சாலையில் மூவாயிரம் வருஷத்துப் பிணத்தைத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். அதற்கும் ஷூ இல்லை. அன்று முழுக்க எனக்குத் துணை அது ஒன்றுதான்.

இதில் அதிசயம் என்ன தெரியுமா? ஒருவர்கூடக் கேட்கவில்லை. டிராமில் எதிரே உட்கார்ந்த அம்மாள் என் காலைப் பார்த்தாள். உடனே பத்திரிகையைப் பிரித்துக்கொண்டாள். போலீஸ்காரர் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். டீக்கடைப் பெண் பார்த்தாள். சர்க்கரை எத்தனை என்று கேட்டாள். மரியாதை தெரிந்த ஊர். அந்த மரியாதையில் நான் விறைத்துப்போனேன். அத்தனை லட்சம் பேருக்கு நடுவே அன்று நான் இருந்ததுபோல் தனியாக என்றைக்கும் இருந்ததில்லை.

நாலரை மணிக்கு ரயிலடிக்குப் போகும் வழியில் மறுபடி அந்தத் தேவாலயத்தின் முன்னால் இறங்கினேன். திருடனுக்கு மனம் திரும்பியிருந்தால்? கிறிஸ்தவனுக்கு இந்த நம்பிக்கைகூட இல்லாவிட்டால் எப்படி?

படியில் ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். கறுப்பு அங்கி. மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது போன்ற வேலையெல்லாம் செய்கிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது. போகிற வருகிறவர்களின் காலையே அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நமக்கு இங்கேயும் ஒரு ஜோடியா என்று நினைப்பதற்குள் அவர் பார்வை என் காலில் வந்து நின்றது.

"அப்பாடா, வந்துவிட்டீர்களா?" என்றார்.

உள்ளே கூட்டிப்போனார். ஓர் அடுப்புக்குப் பக்கத்தில், அவருடைய நாற்காலிக்கு அடியில், கரீமின் ஷூ. தூறல் போட்டதும் நனைந்துவிடுமே என்று எடுத்து வைத்தாராம். வைத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் நான் போய்விட்டேனாம். அப்போதிலிருந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல், வெறுங்காலோடு ஓர் ஆள் வருவானா என்று வாசலிலேயே நிற்கிறார்.

"ஒரு வார்த்தை உள்ளே வந்து கேட்டிருக்கலாமே?" என்றார்.

அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவருக்குச் சங்கடமாகப் போயிற்று. ஆறு மணி ரயிலைப் பற்றி நான் சொன்னதும், நேரமாகிவிட்டது என்றார்.

ஊர் திரும்பி ஷூவைக் கொடுத்தேன். "அரண்மனை எப்டி இருந்திச்சி?" என்று கேட்டான் கரீம். "பெருசா இருந்திச்சி" என்றேன்.

பத்தாம் நாள் நிக்காஹ். பேரணாம்பட்டுப் பள்ளிவாசல் வாசலில் மாப்பிள்ளை அந்த ஷூவைக் கழற்றி விட்டான், சுற்றிலும் நூறு ஜோடிச் செருப்பு. என் செருப்பைச் சுவர் ஓரம் கழற்றிப் போட்டுவிட்டு, மேல் படியில் ஷூவுக்கு நேராக நின்றுகொண்டேன். உள்ளே நிக்காஹ் ஓதி முடிக்கிறவரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. கண்ணும் அசையவில்லை.

கரீம் மாலையோடு வெளியே வந்தான்.

"இன்னா பா, எல்லாரும் உள்ள இருக்கறாங்க, நீ மட்டும் இங்கயே நின்னுக்கினு இருந்தியாமே?"

அப்போதுதான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பைத்தியம் பா நீ. ஷூ போனா வேற தெச்சிக்கலாம். லண்டன் போனா வருமா? நீ பார்த்துட்டு வந்து சொல்லுவேன்னுதானே நான் குட்த்தேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. ஒரு பகல் முழுக்க எதைக் காப்பாற்றுவதற்காக ஓடினேனோ, அதை அவன் கேட்கவே இல்லை. அவன் கேட்டதை நான் கொண்டுவரவில்லை.

அவன் ஷூவை மாட்டிக்கொண்டான். நான் சுவர் ஓரம் போய்ப் பார்த்தேன். என் செருப்பைக் காணோம்.

பள்ளிவாசலிலிருந்து விருந்து வீட்டுக்கு இரண்டு தெரு. வெறுங்காலோடு நடந்தேன். "இன்னாண்ணா, செருப்பு எங்க?" என்று பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் கேட்டார்கள். "வெயில்ல கால் பொரிஞ்சிடும் சாமி, இந்தாங்க" என்று ஒரு கடைக்காரர் தன் செருப்பையே கழற்றினார். முன்பின் தெரியாத ஒருவர் வண்டியை நிறுத்தி விசாரித்தார். இரண்டு தெருவுக்குள் ஒன்பது பேர்.

லண்டனில் ஒரே ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால், நான் அந்த ஊரைப் பார்த்திருப்பேன்.