விசாலாட்சிக்கு வைத்த திரை

விசாலாட்சி பெருமுக்கலில் இருந்து கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்தது தொண்ணூற்று மூன்றில். புருஷன் துரைக்கண்ணு அப்போது டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தான். பிறகு அதே கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர். கை தேர்ந்த மெக்கானிக் என்று ஊரில் பெயர்.

பெண்டாட்டியை அடிக்கிற ஆளில்லை. அவனுக்கு வேறு வழிகள் இருந்தன. அவள் தையல் மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று. ஒரு நாள் ஏதோ எதிர்த்துப் பேசிவிட்டாள். அவன் மிஷினின் பெல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். தைக்கக் கொடுத்தவர்கள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். தீபாவளி முடிந்த பிறகுதான் பெல்ட் வீட்டுக்கு வந்தது.

கடைக்கு வந்த பழைய சாமான்களை வைத்து அவன் வீட்டு ஹாலில் ஒரு பெரிய பெட்டியைக் கட்டினான். உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க், விண்டோஸுக்குப் பதில் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ். விழுப்புரம், திண்டிவனம் போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் கல்யாண வீடியோக்களை அதில் பத்திரப்படுத்தக் கொடுப்பார்கள். வீட்டு ஆல்பங்களையும் ஒன்றுவிடாமல் ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தான். மானிட்டரில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் தவிர வேறு எதுவும் வராது. விண்டோஸ் மாதிரி படம் தெரிகிற திரை வைக்கக் கூடாதா என்று கேட்டவர்களிடம், "பொம்மைல்லாம் இன்னாத்துக்கு? மெமரிதான் வேஸ்ட்டு" என்பான்.

அவர்களுக்கு ஒரே பெண், சூர்யகலா. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தாள். அந்தப் பள்ளி வேனை ஓட்டிய ஆரோக்கியராஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவன் வானூர்ப் பக்கத்துக் காலனிப் பையன். செய்தி வந்த அன்று துரைக்கண்ணு கொல்லைப்புறத்தில் ஆல்பங்களைப் போட்டுக் கொளுத்தினான். பிளாஸ்டிக் உறை உருகி நாறியது. விசாலாட்சியின் செல்போனை வாங்கி மெமரி கார்டை எடுத்துப் பல்லால் கடித்து உடைத்தான். போனைத் திருப்பித் தரவில்லை.

"பொட்டியில இருக்கறதையும் அழிச்சிட்டீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல. உம் பொண்ணு உள்ளதான் குந்திக்கினு இருக்கா. பாக்க முடிஞ்சா பாத்துக்கோ."

அவன் கடைக்குப் போன பிறகு அவள் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பத்தாவது வரை படித்தவள். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. எழுத்து எழுத்தாகத் தேடி மகளின் பெயரை அடித்து என்டரைத் தட்டினாள். பெயருக்குப் பக்கத்தில் 'நாட் ஃபவுண்ட்' என்று வந்தது. எழுத்துப் பிழையோ என்று மறுபடியும் அடித்தாள். அதே பதில். சாயங்காலம் வந்த துரைக்கண்ணு திரையில் வரிசையாகக் கிடந்த பெயரைப் பார்த்துவிட்டு, அடுப்படி வரை கேட்கும்படி சிரித்தான்.

அடுத்த மழைக்காலத்தில் சூர்யகலா காய்ச்சலில் இறந்துபோனாள். ஆரோக்கியராஜ் துரைக்கண்ணுவுக்குத்தான் போன் செய்திருக்கிறான். துரைக்கண்ணு அதைப் பெண்டாட்டியிடம் சொன்னது மறுநாள் மத்தியானம், சாப்பிடும்போது.

"உம் பொண்ணு செத்துட்டாளாம். நேத்தே பொதச்சிட்டாங்க. கொழம்பு ஊத்து."

அவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுக் கட்டியிருந்த புடவையோடு திண்டிவனம் பஸ் ஏறினாள். கல்லறையில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு மருமகன் வீட்டைத் தேடிப் போய் வாசலில் நின்று ஒரு போட்டோ கேட்டாள்.

ஆரோக்கியராஜ் அவளை உள்ளே கூப்பிடவில்லை. "ஆஸ்பத்திரியில கெடந்தப்போ அம்மா அம்மான்னு கேட்டுக்கினே இருந்தா. போன் போட்டும் வரலை. இப்போ வந்து போட்டோ கேக்கறீங்களா?" என்றான்.

தனக்குத் தெரியாது என்று அவள் சொல்லவில்லை. சொன்னாலும் அவன் நம்பியிருக்கப் போவதில்லை. கதவு சாத்திக்கொண்டது. கடைசி பஸ்ஸுக்கு முன்பே வீடு திரும்பினாள். போவதற்கு வேறு இடம் இல்லை.

துரைக்கண்ணுவுக்குச் சர்க்கரை வியாதி வெகு நாளாக இருந்தது. அது கண்ணுக்கு ஏறியது. முதலில் எழுத்து கலங்கியது, பிறகு நடுவில் கறுப்பாக ஒரு திட்டு. கடையை மூட வேண்டியதாயிற்று. மிஞ்சியது ஹாலில் இருந்த பெட்டியும் ஸ்டூடியோக்காரர்களும்தான். அந்த வேலையை இனி விசாலாட்சிதான் செய்தாக வேண்டும். அவளுக்கோ கறுப்புத் திரையில் எதுவும் தெரியாது. இத்தனை வருஷம் வேண்டாம் என்று ஒதுக்கிய படத்திரையை அவன் வைக்க முடிவு செய்தான்.

அவன் கையில் பூதக்கண்ணாடி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் வந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவன் இரண்டு விரலால் தட்டினான். இருப்பதிலேயே லேசான படத்திரையாகப் பார்த்து நெட்டில் இருந்து இறக்கினான். பழைய பெட்டி கனமானதைத் தாங்காது. பாதியில் கரண்ட் போனது. திரும்ப ஆரம்பித்து, முடிந்ததும் சாம்பல் நிறத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் வந்து நின்றது.

"நீ ஒழுங்கா படிச்சிருந்தா இந்தப் பேஜாரு வருமா? முண்டம்!"

மறுநாள் சரியாக வந்தது. முதலில் துரைக்கண்ணு, விசாலாட்சி என்று இரண்டு பெயர்கள். அவளுக்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டு கொடுத்திருந்தான். நுழைந்தால் நீலப் பின்னணி, பெரிய எழுத்து, மஞ்சள் ஃபோல்டர்கள். ஒவ்வொன்றின் கீழும் ஸ்டூடியோ பெயர். கடைசி ஃபோல்டரின் கீழே 'சூர்யா' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் மூலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். அவள் அழுத்திப் பார்த்தாள். அனுமதி இல்லை என்று வந்தது.

"பூட்டு தெரியுதா?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"தெரியுது."

"நல்லா தெரியட்டும்னுதான் அங்க வெச்சேன்."

அவள் வேலையைக் கற்றுக்கொண்டாள். ஸ்டூடியோக்காரர்கள் கொண்டுவரும் டிஸ்கை மாட்டி, ஃபோல்டரை இழுத்துப் போட்டு, பச்சைக் கோடு ஓடி முடிகிறவரை காத்திருப்பாள். யார் யார் வீட்டுப் பெண்களோ மாலையும் கழுத்துமாகத் திரையில் போய்க்கொண்டிருந்தார்கள். பூட்டுப் போட்ட ஃபோல்டர் அதே இடத்தில் இருந்தது.

ஒரு கோடையில் நான்கு டிஸ்க்கில் ஒன்று கெட்டுப்போனது. புதியது மாட்டிச் சரிசெய்ய அவன் பெயரில்தான் நுழைய வேண்டும். அதற்குள் அவனுக்கு வெளிச்சமும் இருட்டும் தவிர எதுவும் தெரியாமல் ஆகியிருந்தது. விசைகளைத் தடவிப் பார்த்தான். திரும்பத் திரும்பத் தப்பாகவே விழுந்தது. ஸ்டூடியோக்காரர் ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் பாஸ்வேர்டை அவளிடம் சொன்னான். தெருப் பெயரும் பழைய ஸ்கூட்டர் நம்பரும்.

டிஸ்க் சரியானது. "ஜல்தியா பாஸ்வேர்டை மாத்து. நான் சொல்றதை அடி" என்றான். அவன் சொன்னான். அவள் அடித்தாள். அவன் சொன்னதை அடிக்கவில்லை.

அவன் பெயரில் நுழைந்தால் 'சூர்யா' ஃபோல்டரில் பூட்டு இல்லை. திறந்தாள். மொட்டை போட்ட சூர்யா, பல் விழுந்த சூர்யா, பச்சைத் தாவணியில் சூர்யா. விசாலாட்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மவுஸ் தட்டும் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது.

"இன்னா பாத்துக்கினு இருக்க?"

அவள் அடுத்த படத்தைத் தட்டினாள்.

"அவளையா?"

அவன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, தெரியாத திரைக்கு நேராக முகத்தை வைத்தான். "எப்படி இருக்கா, சொல்லு" என்றான்.

"ஆல்பத்தைக் கொளுத்தறப்போ நல்லா பாத்தீங்க இல்ல? அப்படித்தான் இருக்கா."

கீழே ஒரு வீடியோ இருந்தது. அழுத்தினாள். பள்ளிக்கூட ஆண்டு விழா மைக்கில் பதின்மூன்று வயதுக் குரல் ஒன்று, "எல்லாருக்கும் வணக்கம்" என்றது. துரைக்கண்ணுவின் தலை விசுக்கென்று நிமிர்ந்தது. கை காற்றில் துழாவியது. அடுத்த வார்த்தை வருவதற்குள் விசாலாட்சி நிறுத்திவிட்டாள்.

"போடு, விசாலாட்சி. அந்தச் சத்தத்தை மட்டும் போடு."

அவள் எழுந்து பஜாருக்குப் போய் ஒரு ஹெட்போன் வாங்கி வந்தாள். மாட்டிக்கொண்டு வீடியோவை முதலில் இருந்து ஓடவிட்டாள். சூர்யா பேசினாள், நடுவில் மறந்துபோய் நாக்கைக் கடித்தாள், சிரித்தாள். விசாலாட்சியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும்தான் அவனுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அவன் மூன்று வருஷம் இருந்தான். வேளாவேளைக்குச் சோறு போட்டாள், இன்சுலின் போட்டுவிட்டாள், கையைப் பிடித்துக் குளிக்க அழைத்துப் போனாள். தினமும் மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். முதலில் திட்டினான். பிறகு அழுதான். கடைசியில் இரண்டும் நின்றுபோய், அவள் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டதும் தானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அவனுக்கும் கேட்கட்டும் என்று ஒருமுறைகூட அவள் ஹெட்போன் ஒயரைக் கழற்றவில்லை.