கேட்டால்தான் கணக்குப் போடும் மொழி

அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் விழுந்த பெயர் அடைப்புக்குறி. பெற்றவர்கள் வைத்த பெயரை வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் கூப்பிடுவார்கள். இரண்டாம் வருஷத்தில் நூலகத்தின் கீழ்த்தட்டில் கிடந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, லிஸ்ப் என்றொரு கணினி மொழியைத் தானாகவே படிக்க ஆரம்பித்தாள். அதில் எதை எழுதினாலும் அடைப்புக்குறிக்குள்தான் எழுத வேண்டும். நோட்டு முழுக்க வளைவு வளைவாய் இருந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், பெயரும் ஒட்டிக்கொண்டது. சிரித்துவிட்டுப் போங்கள் என்று அவள் அடுத்த மொழிக்குப் போய்விட்டாள். அது ஹாஸ்கெல்.

அதன்மேல் அவளுக்கு என்ன அப்படியொரு பித்து என்றால், அதில் ஒன்றை எழுதிவிட்டால் எழுதியதுதான். பிறகு யாரும் நைசாக அழித்துவிட்டு வேறொன்றைப் போட முடியாது. மாற்ற வேண்டுமா, பழையதை அப்படியே இருக்கவிட்டுப் புதிதாய் ஒன்று செய்துகொள். "இதுல என்னடி இருக்கு, இப்படிக் குதிக்கிறே?" என்று தோழிகள் கேட்டார்கள். பாவம், அவர்கள் யாரும் ரப்பரால் அடிபட்டவர்கள் இல்லை.

இவள் வீட்டில் பட்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லாண்டரியில் வேலை. நாற்பத்தாறு பெண்கள், மூன்று ஷிப்ட். வாராவாரம் டியூட்டிப் பட்டியல் போடுவது அங்கிருக்கும் சூப்பர்வைசர் அக்கா. ஒரு பெரிய தாள், ஒரு பென்சில், ஒரு ரப்பர். ஒருத்தி வந்து கெஞ்சினால் ஒரு கட்டத்தை அழிப்பார்; அது இன்னொருத்தியின் தலையில் விடியும். ஒரு தடவை அம்மா ராத்திரி ஷிப்ட் முடித்து வெளியே வந்தால், காலை ஷிப்டிலும் அவள் பெயர். கேட்டதற்கு, "முன்னாடி என்ன போட்டிருந்தேன்னு எனக்கே ஞாபகம் இல்லம்மா" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தாள் அந்த இடத்தில் தேய்ந்து ஓட்டையே விழுந்திருந்தது. அம்மா அன்றைக்குப் பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு, வீங்கிய காலோடு வீடு வந்து சேர்ந்தாள்.

கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு அதையேதான் எடுத்தாள். லாண்டரிக்கு டியூட்டிப் பட்டியல் போடும் புரோகிராம், ஹாஸ்கெல்லில். ஆய்வகத்து சார் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அறுபது பேர் ஒரே மொழியில எழுதுறாங்க. உனக்கு மட்டும் கொம்பு முளைச்சிருக்கா?"

"கொம்பெல்லாம் இல்ல சார். எனக்கு இது வருது."

"மாட்டிக்கிட்டா எங்கிட்ட வராதே. எனக்கு அந்த மொழி தெரியாது."

"வரமாட்டேன் சார்."

சொன்னபடியே அவரிடம் போகவில்லை. மூன்று மாதம் தனியாக உட்கார்ந்து எழுதினாள். சார் எல்லாருடைய புராஜெக்ட்டையும் ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. எல்லாருடைய புரோகிராமும் திணறித் திணறி ஓடியபோது, இவளுடையது மட்டும் பட்டென்று முடிந்தது. எடுத்த நேரம் சுழியம் என்று திரையில் காட்டியது.

"நாற்பத்தாறு பேர், ஏழு நாள். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு சார்" என்றாள். கொஞ்சம் தலைக்கனம்தான், இல்லையென்று சொல்ல முடியாது.

"சரி, பட்டியலைக் காட்டு."

தட்டினாள். திரை அப்படியே நின்றது. கணினிக்குள் விசிறி இரைய ஆரம்பித்தது. ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம். கடைசியில் சுட்டியைக்கூட அசைக்க முடியவில்லை. பின்வரிசையில் ஒருவன், "அடைப்புக்குறியைத் திறந்துட்டா, மூட மறந்துட்டா" என்றான். வகுப்பே சிரித்தது.

சார் சிரிக்கவில்லை. "அடுத்த திங்கக்கிழமை பத்து மணி. பட்டியல் என் கைக்கு வரணும். வரலேன்னா இதைத் தூக்கிப் போட்டுட்டு, எல்லாரும் எழுதுற மொழியில முதல்லேர்ந்து எழுது. சம்மதமா?"

"சம்மதம் சார்" என்றாள்.

நடந்தது என்னவென்று பேருந்தில் வரும்போதே பிடிபட்டுவிட்டது. அந்த மொழி ஒரு சோம்பேறி. விடையை யாராவது கேட்கும்வரை கணக்கைத் தொடாது. "இப்படியொரு கணக்கு இருக்கிறது" என்று குறித்துவைத்துக்கொண்டு சும்மா இருக்கும். இவள் நேரம் பார்த்தது அந்தக் குறிப்பு எழுதியதற்கு! இது தெரியாதவளும் இல்லை. ஆசையாய் வளர்த்ததை யார் சந்தேகப்பட்டுப் பார்க்கிறார்கள்?

டயர் கடையில் பஞ்சர் ஒட்டும் அண்ணன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா தண்ணி பிடிச்சியாடான்னா, பிடிச்சாச்சும்மாங்கிறேன். குடத்தைத் தூக்க வரும்போதுதானே குழாய்க்கு ஓடுறேன். அது என் ஜாதிடி!"

"நீயாவது கடைசியில தண்ணி பிடிக்கிறே. அது மூச்சே விடலையே" என்றாள் அவள்.

"அப்ப வேற மொழிக்கு மாறிடேன். எதுக்கு வம்பு?"

"மாறமாட்டேன். தப்பு மொழியில இல்ல, நான் எழுதின வழியில இருக்கு."

சனிக்கிழமை கணினியைத் திறக்கவே இல்லை. துண்டுச் சீட்டுகளில் நாற்பத்தாறு பெயரையும் எழுதிக் கூடத்துத் தரையில் பரப்பினாள். மின்விசிறியை நிறுத்தியாயிற்று; யாரும் நடக்கக் கூடாது என்று உத்தரவு. தன் புரோகிராம் செய்வதையே கையால் செய்து பார்த்தாள். ஏழு நாளையும் முழுசாக அடுக்குவது, பிறகு விதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. ராத்திரி பார்த்தவளுக்கு மறுநாள் காலை கூடாது. பாய்லரை ஓட்டத் தெரிந்தவள் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருத்தி வேண்டும். பார்த்தால், இரண்டாம் நாளிலேயே தப்பு. கலைத்தாள், திரும்ப அடுக்கினாள். நாலாம் தடவை, முட்டி வலி உயிர் போனபோது, சீட்டைக் கையில் வைத்தபடியே அப்படியே நின்றுவிட்டாள். இரண்டாம் நாளே தப்பான பட்டியலுக்கு மீதி ஐந்து நாளை எதற்கு அடுக்கிக்கொண்டிருக்கிறேன்?

அவ்வளவுதான். உலகத்தில் இருக்கக்கூடிய எல்லாப் பட்டியலையும் போட்டுவிட்டு, அதிலிருந்து நல்லதைப் பொறுக்கச் சொல்லியிருந்தாள். எந்தக் கணினி தாங்கும்? ஒவ்வொரு நாளாகச் சேர்க்க வேண்டும், தப்பென்றால் அங்கேயே விட்டுவிட வேண்டும். தேறுகிற முதல் பட்டியலை மட்டும் கேட்க வேண்டும். முதலாவதை மட்டும் கேட்டால் அந்தச் சோம்பேறி மிச்சத்தைத் தொடவே தொடாது. அவள் மானத்தை வாங்கிய குணமே இப்போது வேலைக்கு ஆகும். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து பாதிக்கு மேல் திருப்பி எழுதினாள். இந்தத் தடவை பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது விநாடி.

திங்கட்கிழமை பத்து மணிக்கு சார் தாளை வாங்கி, சிவப்புப் பேனாவோடு வரி வரியாகப் பார்த்தார். பேனா எங்கும் தாளைத் தொடவில்லை. "பன்னிரண்டாவது ஆளுக்கு புதன் லீவு. இப்ப என்ன பண்ணுவே?"

அவள் ஒரு வரி சேர்த்தாள். புதுத் தாள் வந்தது. பழையதும் அப்படியே இருந்தது. சார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாருக்கு எது மாறியது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"போன தடவை நேரம் சுழியம்னு சொன்னே. இப்ப நாற்பது விநாடியா?"

"இப்பதான் சார் உண்மையா வேலை செய்யுது."

"ம். இந்த மொழியிலேயே முடிச்சுக் குடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த மொழிக்குப் புத்தகம் நூலகத்துல எந்தத் தட்டுல இருக்கு?" என்று கேட்டார்.

சாயங்காலம் பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரைத் தேடினாள். தேடியவள் நிமிர்ந்தாள்.

"ஏண்டி, பெத்த பொண்ணு போட்ட பட்டியல்லயே எனக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரியா?"

"திங்கக்கிழமை காலையில உனக்கு டியூட்டி இல்ல பாரும்மா."

"அதெல்லாம் சரி. அந்த ஒரு கட்டத்தை மட்டும் அழிச்சிடேன், யாருக்குத் தெரியப்போவுது?"

"அழிக்க முடியாதும்மா."

"எனக்காகக்கூடவா?"

"உனக்காகத்தாம்மா" என்றாள். பிறகு, பிடிச்சாச்சு என்று சொன்ன அண்ணன் உண்மையாகவே தண்ணீர் பிடித்துவிட்டானா என்று குடத்தைத் தூக்கிப் பார்க்கப் போனாள்.