ஹெவி அண்ணனின் எடை

போன வாரம் எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் லாரி எடை மேடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. இருபது கிலோ இரும்புக் கட்டிகளை மேடையில் வரிசையாக அடுக்குவோம், திரையில் வரும் எண் சரியா என்று பார்ப்போம், தப்பாக இருந்தால் திருத்துவோம். அந்தக் கட்டிகளைத் தொட்ட கையில் துருவும் கிரீஸும் கலந்த ஒரு வாசனை ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் சாயங்காலம்வரை போகாது. என்னோடு வேலை செய்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது கொருக்குப்பேட்டையில் அப்பா நடத்திய காயலான் கடையின் வாசனை.

பக்கத்தில் பீடியோடு நின்றிருந்த டிரைவர், "மேடம், இனிமே இத்த நம்பலாமா?" என்றார்.

"இன்னிக்கு நம்பலாம்ணே."

"நாளைக்கி?"

"நாளைக்கு யாரு கை வைக்கிறாங்கன்னு பாக்கணும்."

அவர் சிரித்தார். நான் ஹெவி அண்ணனை நினைத்துக்கொண்டேன். போன மாதம்தான் அவரை அடக்கம் செய்தோம்.

அவருடைய பெயர் ஆரோக்கியம். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. மாநில அளவில் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியனாக இருந்தவர். ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஆரோக்கியம் என்றால் யாரென்று தெரியாது, ஹெவி என்றால்தான் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றில்கூட மாப்பிள்ளையின் தாய்மாமன் என்ற இடத்தில் 'ஹெவி' என்றே அச்சடித்திருந்தார்கள்.

அவர் பயிற்சி செய்த இடம் அப்பாவின் கடைக்குப் பின்னால் இருந்த சந்து. மூன்று கோணிகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, உள்ளே பழைய துணியையும் சைக்கிள் டியூபையும் திணித்து, இரும்பு உத்தரத்தில் அப்பா தொங்கவிட்டுக் கொடுத்திருந்தார். அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து அதைக் குத்துவார். ஒவ்வொரு குத்துக்கும் கடையில் அடுக்கியிருக்கும் அலுமினியப் பாத்திரங்கள் அதிரும். நான் பழைய பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு இன்றைக்கும் கொஞ்சம் குத்துத் தாளத்தில்தான் வரும்.

அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் 'மாமு' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். யாருக்கு யார் மாமு என்று நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் எண்பத்தொரு கிலோவுக்கு மேல் இருந்தால்தான் ஹெவி. எங்கள் பக்கம் அவ்வளவு எடையில் கையுறை மாட்டுகிற ஆள் கிடைப்பது அபூர்வம். அதனால் அண்ணனின் குத்துச்சண்டை வாழ்க்கை ஒரு மாதிரி மேடு பள்ளமாகத்தான் இருந்தது. எனக்கு எதையும் வரிசைப்படுத்தாவிட்டால் தூக்கம் வராது, அதனால் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு எதிராளி வரவில்லை, தங்கம். அடுத்த ஆண்டு எதிராளி வந்துவிட்டார், வெள்ளியும் புருவத்தில் ஐந்து தையலும். மூன்றாவது ஆண்டு வந்தவருக்கு அன்று காலையில் காய்ச்சல், மறுபடியும் தங்கம். நான்காவது ஆண்டு கையுறையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், இரவல் கையுறையில் தோற்றார்.

எதிராளி வராவிட்டாலும் மேடை ஏறியே ஆக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அண்ணன் கையுறை, பனியன் எல்லாம் போட்டுக்கொண்டு மூலையில் நிற்பார். வராத ஆளின் பெயரை மைக்கில் கூப்பிடுவார்கள். மணி அடிப்பார்கள். நடுவர் இவர் கையைத் தூக்குவார். இவர் நான்கு பக்கமும் திரும்பிக் கும்பிடுவார். யாரையும் அடிக்காமல் ஒரு மனிதர் அவ்வளவு வியர்த்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போட்டிக்கு முந்தின நாள் எங்கள் கடையில் ஒரு சடங்கு உண்டு. மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் அண்ணன் ஏறி நிற்பார். தெருவே கூடிவிடும். அப்பா கம்பியில் குண்டை நகர்த்தி நகர்த்தி நிறுத்துவார். எழுபத்தொன்பதரை. எல்லா வருடமும் அதையொட்டித்தான் நிற்கும். 'ஐயோ' என்று ஒரு சத்தம் எழும். மறுநாள் போட்டி நடக்கும் இடத்தில் எடை போட்டால் எண்பத்திரண்டுக்குக் குறையாது.

"நைட்டோட நைட்டா ரெண்டரை கிலோவா? இன்னாண்ணே பண்ண?"

"ரெண்டு டஜன் பழம், ஒரு சொம்பு தண்ணி" என்பார் அண்ணன்.

அந்த வாழைப்பழம் அவரை விடவேயில்லை. ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த குமார் அண்ணன் அதை வைத்தே பத்து வருடம் ஓட்டினார். "எதிராளி இல்லாத வெயிட்டா பாத்து துன்னுட்டுப் போயி நின்னுக்கிறாரு மாமு. மெடல அந்தப் பழக்காரம்மாவுக்கு போடணும்!" கேட்பவர்கள் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பார். உண்மையான ஹெவி இல்லை, பழம் தின்று ஹெவி ஆனவர் என்று தெருவில் முடிவாகிவிட்டது.

எனக்கு விஷயம் தெரிந்தது ஆறாம் வகுப்பில். பள்ளியில் மருத்துவப் பரிசோதனைக்கு எடை பார்த்தார்கள், முப்பத்தொன்று. அன்று சாயங்காலமே கடைத் தராசில் ஏறினேன், முப்பது. அடுத்த நாள் பள்ளியில் கெஞ்சி மறுபடியும் ஏறினேன், முப்பத்தொன்று. நோட்டில் இரண்டு பத்தி போட்டு ஒரு வாரம் எழுதினேன். அப்புறம் அண்ணனின் எடைக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு மூன்று. எழுபத்தொன்பதரை என்றால் எண்பத்திரண்டு. காயலான் கடையில் வாங்குகிற தராசு குறைத்துக் காட்டினால் யாருக்கு லாபம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நகரும் குண்டுக்குள் கொஞ்சம் ஈயம் ஊற்றினால் போதும், வேலை முடிந்தது. ஊற்றியது அப்பாவா, தராசை அவருக்கு விற்றவரா என்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.

நோட்டை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடினேன். "அண்ணே, எங்க தராசு கம்மியா காட்டுது. நீங்க நெஜமாவே ஹெவிதான்!"

அவர் கோணியைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். "தெரியும் பாப்பா."

"தெரியுமா?"

"மொத வருசம் மெய்யாலுமே ரெண்டு டஜன் துன்னுட்டுப் போனேன். அங்க ஏறி நின்னா எண்பத்தி நாலு காட்டுது. வயிறு வேற பேஜார் பண்ணுது. அப்பவே புரிஞ்சிகினேன்."

"அப்ப எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்ணே."

"சொன்னா உங்கப்பன் கடைல நாளைக்கி எவன் இரும்பு போடுவான்? எனுக்கு தெரியும்னு அவனுக்கு தெரியாது. சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. பதினொரு வயதில் நாம் உண்மை பக்கமா, அப்பா பக்கமா என்று கேட்டால் பதில் சுலபம்.

ஐந்தாவது ஆண்டு எதிராளி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், பீரோ மாதிரி இருந்தார். நானும் அப்பாவும் போயிருந்தோம். இரண்டாவது ரவுண்டில் அண்ணனின் இடது கை கீழே போய் மேலே வந்ததைப் பார்த்தேன். பீரோ அப்படியே உட்கார்ந்துவிட்டது. நடுவர் பத்து எண்ணுவதற்குள் அப்பா என் தோளைப் பிடித்து நெரித்தே விட்டார். இதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினோம்.

குமார் அண்ணன் தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டார். "குத்தி ஜெயிக்கல மாமு. ரெண்டு டஜன் பழத்தோட அவன் மேல சாஞ்சி ஜெயிச்சிகீறாரு!"

அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அண்ணன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

விளையாட்டை விட்ட பிறகு அண்ணன் கூட்ஸ் யார்டு பக்கத்துக் கொட்டகையில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். "வாழப்பழ சாம்பியன்கிட்ட இன்னாடா கத்துக்கப் போற?" என்று வீட்டில் கேட்டதில் நான்கு பேர் மிஞ்சினார்கள். அண்ணன் இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் மீதி எட்டுப் பேரின் பெயரையும் ஒன்று விடாமல் சொன்னார். நான் அப்போது பாலிடெக்னிக்கில் கருவியியல் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முதல் தடவையாக அந்தத் தராசுப் பேச்சை எடுத்தேன். "இப்பவாவது சொல்லுப்பா. அவரு பேர் கெடுதே."

அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. "கடைய மூடுறப்ப சொல்றேன்."

கடையை மூடினார். சொல்லவில்லை. "இப்ப எதுக்கு" என்றார். கொட்டகையும் மூடப்பட்டது.

போன மாதம் அடக்கம் முடிந்து ராயபுரம் கல்லறையிலிருந்து எல்லோரும் அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்திருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. துக்கம் கொஞ்சம் தளர்ந்ததும் பழைய பேச்சு வந்தது. குமார் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மேல போயி இன்னா வெயிட்டுல நிப்பாரோ... யார்னா ரெண்டு டஜன் பழம் வாங்கி குடுங்கடா" என்றார். பாசத்தில்தான் சொன்னார்.

அப்பா எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"நிறுத்துங்கடா. அவன் பழம் துன்னு ஏறல. அவன் ஹெவிதான், எப்பவும் ஹெவிதான். என் தராசுதான் கம்மி. நூத்துக்கு மூணு. போதுமா?"

நான் அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல்.

குமார் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "உன் தராசு கம்மின்னு ஊருக்கே தெரியுமே நைனா. எங்க வூட்டு இரும்புக் கட்டில்ல எவ்ளோ துன்னுச்சின்னு எங்கம்மா இன்னும் சொல்லிகினு கீது. பக்கத்துல கடை, கேட்டா முன்பணம் குடுப்ப, அதான் போட்டோம்." டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா அண்ணன் ஏறி நின்னாரு பாரு, அப்ப மட்டும் அத்த நம்பிட்டோம். ஒருத்தனுக்கும் தோணலியே."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அக்கா, அண்ணனின் மனைவி, திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். அழுகையும் சேர்ந்துகொண்டது. "இருவது வருசமா வூட்டுக்குள்ள ஒரு வாழப்பழம் வுடல அந்த மனுசன். வாசன வந்தாலே பின்பக்கமா போயிடுவாரு. ஏன்யான்னு கேட்டா சொல்லல. பாவி!"

எல்லோரும் சிரித்தோம். அப்பா விழுந்த நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். குமார் அண்ணன் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடை இருந்த இடத்தில் இன்று ஒரு கூரியர் கிடங்கு இருக்கிறது. பின்னால் இருந்த சந்துக்குக் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார்கள். கொட்டகையில் பைக் நிறுத்துகிறார்கள். தெருவில் அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஒரிஜினல் ஹெவிபா, அந்தக் கோயம்புத்தூரானை ரெண்டாவது ரவுண்டுல உக்கார வச்சவரு" என்று சின்னப் பிள்ளைகளுக்குக் குமார் அண்ணனே எடுத்துச் சொல்கிறார். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இதுதான் வேண்டியிருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் பெயரைச் சொன்னதும் முன்பெல்லாம் தெருமுனையிலிருந்து கடைசி வீடுவரை ஒரு சிரிப்பு போகும். இப்போது யாரும் சிரிப்பதில்லை.