மாலை நூலும் பட்டன் கத்தியும்

ஆஸ்திரேலியாவில், த பேசின் என்ற ஊரின் பிள்ளையார் கோயில் வாசலில், இலங்கை நண்பர் குகனின் காருக்குப் பூசை முடிகிறது. பழைய கார்தான், ஆனால் இந்த நாட்டில் அவர் வாங்கும் முதல் கார். முன்னால் கட்டிய மாலையின் நூல் நீளமாகத் தொங்குகிறது. அதை அறுக்க, மதுரையிலிருந்து பெட்டிக்குள் போட்டு வந்த பட்டன் கத்தியை எடுக்கிறேன். அழுத்தியதும் டக்கென்று விரிகிறது.

குகன் என் கையைப் பிடித்து இறக்குகிறார்.

“மடியுங்கோ அண்ணை. இது இஞ்ச தடை. வச்சிருந்தாலே கேஸ்.”

“பழம் வெட்டத்தானே வச்சிருக்கேன் தம்பி.”

“நீங்கள் அப்பிடிச் சொல்லிப்போட்டு ஊருக்குப் போயிடுவியள். நான் அகதியாப் படகில வந்தனான். இன்னும் தற்காலிக விசா. என்ர காருக்குள்ள பிடிச்சா?”

போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுவதென்று முடிவாகிறது. ஆனால் அங்கே போகவும் அவருடைய கார்தான். பின்னால் எந்த வண்டி வந்தாலும் குகன் கண்ணாடியைப் பார்க்கிறார். மாலை போட்ட காரைத் தெருவே திரும்பிப் பார்க்கிறது. கத்தி இருக்கும் சட்டைப்பையை விட்டு என் கை நகர மறுக்கிறது.

ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு முன்பே நிறுத்துகிறார்.

“குடுத்துப்போட்டு வாங்கோ. நான் இஞ்சயே நிக்கிறன்.”

சற்று நடந்து திரும்பிப் பார்க்கிறேன். காரின் முன்னால் குனிந்து, நூலைப் பல்லால் கடித்து, மாலையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.